டிப்போவில் குவேக்கா ஆடிய மத்தியானம்

நான் சிட்னியில் பஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னால் மன்னாரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இன்னொரு தடவை திருப்பிக் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, புடவை கட்டிப் பூசைக்குப் போகிறவள், அவ்வளவு நீளமான பஸ்ஸை மேற்குச் சிட்னியின் சின்னச் சந்துகளில் வளைத்துத் திருப்புகிறாள் என்பது அவர்களுக்குச் செமிப்பதில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வழி தெரியும், நேரம் தெரியும், ஏறுகிறவர்களில் பாதிப்பேரின் முகம் தெரியும். இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகிற நாடு இது. ஒரு நாளில் அத்தனை நன்றி வேறு எந்த வேலையில் கிடைக்கும்?

விடிய முதலே டிப்போவில் இருக்கவேண்டும். வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கி முடிய வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகு பள்ளி விடும் நேரம் வரை ஓய்வு. வீடு கிட்ட இருக்கிறவர்கள் போய்ப் படுத்துவிட்டு வருவார்கள். பென்டில் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு நானும் போய் வரலாம். போனால் வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டு அறையிலேயே இருந்துவிடுவேன். அப்படித்தான் எனக்கு என் சிலிச் சிநேகிதி கிடைத்தாள்.

அவளும் இடைவேளையில் வீட்டுக்குப் போகாதவள். குள்ளமான பெண், வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரிக் கத்தரித்திருப்பாள், இருக்கையில் ஒரு மெத்தை போட்டுத்தான் ஓட்டுவாள். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு, மீன் குழம்பு வாசம் அறை முழுக்கப் பரவுகிறதே என்று கூசிக்கொண்டிருந்தேன். அவள் எழும்பி வந்து என்ன மீன் என்று கேட்டாள். சொன்னேன். தன் ஊர் வல்பராய்சோ என்றும், அது துறைமுகப் பட்டினம் என்றும், மீன் வாசத்துக்கு முகம் சுளிக்கிற ஆளோடு தான் பேசுவதில்லை என்றும் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அன்று தொடங்கியது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனால் ஆங்கிலத்தில் அக்காவும் இல்லை, நீங்களும் இல்லை. சிநேகிதியாகவே பழகிவிட்டோம்.

அதே டிப்போவின் பின்பக்கத்துப் பட்டறையில் இன்னொரு சிலிக்காரர் இருந்தார். மெக்கானிக். நல்ல உயரம், தடித்த மீசை, வேலை செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவரிடம் சொன்னால் போதும், முகம் கோணாமல் வந்து பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர், ஒரே மொழிக்காரர். ஆனால் நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய பஸ்ஸில் ஏதாவது கோளாறு என்றால், மற்ற மெக்கானிக்கான லெபனான்காரர் வரும்வரை காத்திருந்து அவரிடம்தான் சொல்லுவாள். அவள் முற்றத்தில் வருவதைக் கண்டால் இவர் சீட்டியை நிறுத்திவிட்டுப் பஸ்ஸின் மறுபக்கம் போய்விடுவார்.

புதிதாக வரும் சாரதிகள் ஏன் என்று கேட்பார்கள். யாருக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை. எங்கள் சனத்துக்குள்ளேயும் இப்படி உண்டு. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இந்தச் சுவரோரம் நிற்கிறவர் அந்தச் சுவரோரம் போகமாட்டார். விசாரித்தால் ஊரில் நடந்த விஷயம் என்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் வராது. அப்படியான மௌனத்தை மிதிக்காமல் சுற்றிப்போக எனக்குப் பழக்கம்.

போன ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் டிப்போ அலுவலகத்தில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பணியாளர் நலன் பார்க்கிறவள், முப்பது வயதுகூட இருக்காது, எதையும் ஓட்டமாகச் செய்வாள். டிப்போவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் என்னிடம் அவளுக்கு ஓர் உரிமை.

“அக்கா, ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டு நாள்னு செப்டம்பர்ல ஒவ்வொரு டிப்போலயும் கொண்டாடணுமாம். நீங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

“எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும் தங்கச்சி?”

“எனக்கு மட்டும் தெரியுமா? நீங்கதான் அந்த சிலி அம்மாகூட தினமும் சாப்பிடுறீங்க.”

மறுக்க முடியவில்லை. அதற்கு முந்திய தீபாவளியை நாங்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை. அவள் வேலைக்கு வந்த புதிது. சாப்பாட்டு அறையில் தாஜ்மகால் படம் ஒட்டி, எல்லோர் நெற்றியிலும் மின்னும் பொட்டு வைத்து, விளக்கின் தத்துவத்தைப் பற்றிப் பேசும்படி மேலாளர் என்னைக் கேட்டார். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றேன். அதனாலென்ன, சேலை கட்டி வந்தால் போதும் என்றார் அந்த மனிதர். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் கட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூர்ப் பெண் ஒரு மூலையில் நின்று தாஜ்மகாலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனது நினைவிருக்கிறது.

அவ்வளவு பட்டும், அவசரம் அவளையும் அதே குழியில் தள்ளிவிட்டது. நான் இரண்டு நாள் லீவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய போஸ்டர் ஒன்று தொங்கியது. நடுவில் ஒரு கள்ளிச்செடி. அதன்மேல் குடை அகலத்துக்கு ஒரு மெக்சிக்கோத் தொப்பி. ‘எங்கள் லத்தீன் குடும்பம்’ என்று கொட்டை எழுத்து. கீழே மூன்று புகைப்படங்கள். ஒருவர் எல் சல்வடோரில் இருந்து வந்த சாரதி. அவருக்குப் பக்கத்தில் என் சிநேகிதி. அவளோடு தோளோடு தோள் முட்டுகிற மாதிரி அந்த மெக்கானிக். போதாததற்கு, ஒரு பெட்டி நிறையத் தொப்பிகளும் வந்து இறங்கியிருந்தன.

சல்வடோர்க்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போஸ்டரைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். டிப்போவில் மெக்சிக்கோக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய பகிடி. என் சிநேகிதி உள்ளே வந்து பார்த்தாள். பாதி தின்ற பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு தன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் நான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சுவரில் இருந்து தன் படத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தான் அந்த நாளில் பட்டறையைவிட்டு வெளியே வரமாட்டாராம். “அது அவளுடைய நாளாக இருக்கட்டும்” என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். வெட்கம் மாதிரி ஏதோ இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ரயில் பாதையில் திருத்த வேலை. ரயிலுக்குப் பதிலாக ஓடும் பஸ்களில் அவளுக்கும் எனக்கும் ஒரே வரிசையில் வேலை போட்டிருந்தார்கள். லிட்கம் ஸ்டேஷனுக்கு வெளியே, ஒன்றன்பின் ஒன்றாக நின்று முறைக்குக் காத்திருந்தோம். அவள் இறங்கி வந்து என் பஸ்ஸில் ஏறி, முன்வரிசை இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். அவளாகத்தான் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரு தமையன். பல்கலைக்கழகத்தில் படித்தவன், நன்றாகப் பாடுவான், நன்றாக ஆடுவான். இராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் பொலிஸ் வந்து அவனை வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அவன் திரும்பவில்லை. அவள் அப்போது சின்னப் பிள்ளை. தாய் கொஞ்சக் காலம் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மெக்கானிக் வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து, வேலை தேடி. அவர் டிப்போவில் சேர்ந்ததும் ஊர்ப் பேச்சுப் பேச ஓர் ஆள் கிடைத்தது என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கிறிஸ்மஸ் விருந்து ஒன்றில் இருவரும் பக்கத்தில் இருந்து சாப்பிடும்போது அவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தகப்பன் பொலிஸ்காரர். எங்கே என்று கேட்டாள். வல்பராய்சோவில். எந்த வருடங்களில்? அவர் பெருமையாகச் சொன்னார். தமையனைக் கொண்டுபோன வருடமும் அதற்குள் இருந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

“அவன் அப்போது கைக்குழந்தை என்று எனக்குத் தெரியும்” என்றாள். “அவனுடைய அப்பாதான் வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லையே.”

குடுவையில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்தாள். இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்று அலுவலகப் பெண்ணிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“நான் வராவிட்டால் அந்தத் தொப்பிதான் நான் என்று நினைத்துவிடுவார்கள்” என்றாள்.

பிறகு அவளுக்கே உற்சாகம் பிறந்தது. இறைச்சி அடைத்த எம்பனாடா செய்வாளாம். அவர்கள் நாட்டு ஆட்டமான குவேக்காவை ஆடிக் காட்டுவாளாம். அது ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு எதிரும் புதிருமாக ஆடுவது. வீட்டு ஆண்களை இராணுவத்திடம் பறிகொடுத்த பெண்கள் சிலர் அதைத் தனியே ஆடியதுண்டு, தன் தாயும் ஆடினார், ஆனால் தான் டிப்போவில் ஆடப்போவது அதையல்ல, கலியாணத்தில் ஆடுகிற ஆட்டம் என்றாள். சல்வடோர்க்காரருக்குக் குவேக்கா தெரியாது. தெரியாவிட்டாலும் வெட்கமில்லாத மனிதர், அவரைப் பிடித்துக்கொள்வாளாம். மெக்கானிக்கை என்ன செய்வது என்று கேட்டேன். வராதே என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை, அவருக்கும் அது ஊர்தான் என்றாள். அலுவலகப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்றதற்குச் சொல் என்று தலையாட்டினாள். அதற்குள் அவளுடைய முறை வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர்ப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். கதையைக் கேட்டு அவள் முகம் செத்துவிட்டது.

“அவங்ககிட்ட போய் மன்னிப்பு கேட்கட்டுமா அக்கா?”

“வேண்டாம் தங்கச்சி. கேட்டா அவா அந்தக் கதையைத் திரும்ப முதலிலயிருந்து சொல்லவேணும். என்ன செய்யவேணும் எண்டு மட்டும் போய்க் கேளுங்கோ.”

அவள் போஸ்டரைக் கழற்றினாள். தொப்பிகளைத் திருப்பி அனுப்பினாள். போய்க் கேட்டாள். என் சிநேகிதி அவளை இருத்திவைத்து, சிலி எங்கே, எல் சல்வடோர் எங்கே, இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாடு என்று மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் அடுக்கிக் காட்டினாளாம். மெக்கானிக்குக்கு நானே போய்ச் சொன்னேன்: அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர், வெளியே முற்றத்தில் நின்று இறைச்சி சுடலாமா என்று கேட்டார். உள்ளே வரமாட்டாராம். பட்டறையில் கிடந்த பழைய இரும்புப் பீப்பாயை அடுத்த நாளே நெடுக்காக வெட்டிக் கால் வைத்து அடுப்பாக்கிவிட்டார்.

கொண்டாட்டத்துக்கு முதல் நாள் ஞாயிறு. பூசை முடிய நான் ஃபெயர்பீல்டில் உள்ள அவள் வீட்டுக்குப் போனேன். மாவைக் குழைத்துத் தட்டி, வட்டமாக வெட்டி, இறைச்சியும் வெங்காயமும் வதக்கிய கலவையை நடுவில் வைத்து, ஒரு துண்டு அவித்த முட்டை, ஓர் ஒலிவ் காய், இரண்டு முந்திரிகை வற்றல் வைத்து மூடவேண்டும். விளிம்பை மடிக்கும் விதத்தைக் காட்டித்தர வந்தாள். நான் அதற்குள் இரண்டை மடித்து வைத்துவிட்டேன். எங்கள் பற்றிஸ்தானே இது, கொஞ்சம் கொழுத்த பற்றிஸ். அவள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரிடம் படித்தாய் என்றாள். மன்னாரில் ஒவ்வொரு திருநாளுக்கும் செய்வோம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து இவர் போன் எடுத்தார், என் மனிசன்தான். எங்கே நிற்கிறாய், எப்ப வருவாய் என்று.

“இன்னும் குசினிக்குள்ளதான் நிக்கிறன். முடிய வாறன்” என்றேன்.

போனை வைத்ததும் அவள் மாவுக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள். “கொசினா என்று சொன்னாயா?” என்றாள். அவளுடைய ஸ்பானிஷ் மொழியிலும் சமையலறைக்கு அதுதான் பெயர். அதன் பிறகு எங்களுக்கு வேலை ஓடவில்லை. மேசையைக் காட்டினேன், மேசை என்றேன், அவளுக்கு மேசா. வாசலில் கிடந்த என் காலணியைக் காட்டினேன், சப்பாத்து, அவளுக்கு சப்பாத்தோ. ரொட்டிக்குப் பாண், துண்டுக்குத் துவாய் என்று எதைச் சொன்னாலும் அவள் தன் வாயில் கொஞ்சம் திருத்தித் திருப்பித் தந்தாள். போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்து இந்தச் சொற்களை விட்டுப்போன கதையைச் சொன்னேன். கதிரை என்று நாற்காலியைத் தொட்டுக் காட்டியபோது மட்டும் அவள் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. அவர்கள் மொழியில் கதேரா என்றால் இடுப்பு. உங்கள் ஊரில் எல்லோரும் இடுப்பின் மேலா இருக்கிறீர்கள் என்றாள். நான், இருக்கும்போது அதுதானே கீழே வருகிறது என்றேன். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவள் பார்க்காத நேரத்தில் ஒரு தட்டு எம்பனாடாவுக்குள் பச்சைமிளகாய் அரிந்து போட்டேன். அவள் பார்த்துவிட்டாள். அவற்றைத் தனியாக வை, என் தலையில் பழி வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை ஓட்டம் முடிந்து பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போதே கரிப் புகை முற்றம் முழுக்க மணத்தது. மெக்கானிக் வெள்ளை மேலங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பீப்பாய் அடுப்பின் முன்னால் நின்றார். உள்ளே சல்வடோர்க்காரரும் மனைவியும் சோள மாவில் பாற்கட்டி வைத்து ரொட்டி தட்டினார்கள். புப்பூசா என்று பெயர். எங்கள் எம்பனாடாக்கள் மேசையில் இரண்டு தட்டுகளில் இருந்தன. பச்சைமிளகாய்த் தட்டு முதலில் காலியானது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூர்ப் பெண் அந்த நாடுகளின் வரைபடம் ஒன்றை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தாள், வேறு அலங்காரம் இல்லை. மைக்கை எடுத்து இரண்டே வசனம் பேசினாள். எங்களோடு வேலை செய்கிறவர்கள் சாப்பாடு செய்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு அவர்களோடு பேசுங்கள் என்றாள். அந்தப் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பாடு பாதியில் என் சிநேகிதி வெள்ளைக் கைக்குட்டைகளோடு நடுவில் வந்தாள். கறுப்புப் பாவாடை, வேலைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதி வைத்த சப்பாத்து. வேறொரு மனிசி மாதிரி இருந்தாள். பாட்டைப் போட்டார்கள். சல்வடோர்க்காரர் முதல் அடியிலேயே பிழைவிட்டார். அவள் வலப்பக்கம் போனால் அவர் இடப்பக்கம் போனார். சனம் சிரித்துச் சிரித்துக் கைதட்டியது. ஆனால் அந்தத் தாளம் எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆளுக்கொரு இடத்தில் தட்டினோம். பாட்டு ஒரு பக்கம் ஓட, கைதட்டு இன்னொரு பக்கம் இழுத்தது. அவள் சிரித்த முகத்தோடுதான் ஆடினாள், ஆனாலும் கால் தடுமாறத் தொடங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது.

மெக்கானிக் சுட்ட இறைச்சித் தட்டைக் கொடுப்பதற்காக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டேன் என்று சொன்ன மனிதர். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு எட்டு உள்ளே வந்து, தட்டை மேசையில் வைத்துவிட்டு, மேசைப் பலகையில் விரல் முட்டியால் தாளம் போடத் தொடங்கினார். பலமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. எல்லாக் கைதட்டும் அதற்குள் வந்து சேர்ந்தது.

அவள் ஆடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். யார் என்று கண்டாள். நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவாளோ என்று பயந்தேன். அவள் நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை ஆடினாள்.

அந்த ஆட்டத்தை ஒரு தடவையோடு விடுவதில்லை, மூன்று தடவை ஆடவேண்டுமாம். முதலாவது முடிந்ததும் சல்வடோர்க்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக விலகிப் போய்க் கதிரையில் விழுந்தார். அவள் நடுவில் தனியே நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு நேரே மேசைக்கு நடந்து போய் மெக்கானிக்கிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். சின்ன வசனம். அவர் கையை மேலங்கியில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். சல்வடோர்க்காரர் தன் கைக்குட்டையைச் சுருட்டி அவரிடம் எறிந்தார்.

இரண்டாவது பாட்டுக்கு இருவரும் ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் ஆளை ஆள் தொடுவதில்லை. அரைவட்டமாகச் சுற்றி வந்து கிட்ட நெருங்கி, பிறகு விலகிப் போய், கைக்குட்டையால் மட்டும் பேசிக்கொள்வது. அவ்வளவு பெரிய உடம்பை அந்த மனிதர் அத்தனை மெதுவாகத் தூக்கி வைத்து ஆடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஆனால் கால் தடுமாறவும் இல்லை. தலை நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்தே ஆடினாள். எங்களில் விஷயம் தெரிந்தவர்கள் நானும் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணும்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் நல்ல ஆட்டம் ஒன்றைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவும் நல்லதுதான்.

மூன்றாவது தடவை அவர்கள் எங்களையும் இழுத்துவிட்டார்கள். நான் கடதாசிக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு லெபனான் மெக்கானிக்கோடு ஆடினேன். மன்னாரில் கேள்விப்பட்டால் பஸ் கதையையே மறந்துவிடுவார்கள்.

பள்ளி ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு ஓடினோம். என் சட்டை முழுக்கக் கரிப் புகை. ஏறிய பிள்ளைகளில் ஒன்று, பஸ்ஸுக்குள் யாராவது பார்பிகியூ போட்டார்களா என்று கேட்டது. ஓம் என்றேன்.

அவரிடம் என்ன கேட்டாய் என்று அடுத்த நாள் அவளிடம் விசாரித்தேன். “கை தாளத்தைச் சரியாகப் போடுகிறது, கால் எப்படி என்று கேட்டேன்” என்றாள். வேறு ஒன்றும் தோன்றவில்லையாம்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதலில் காலை வணக்கம் மட்டும். பிறகு ஒரு நாள் அவளுடைய பஸ்ஸின் பின்கதவு மூடவில்லை என்று அவரிடமே போய்ச் சொன்னாள். கதவைச் சரிசெய்து முடியும்வரை பக்கத்தில் நின்றாள். எம்பனாடாவுக்குள் முந்திரிகை வற்றல் போடுவது பிழை என்று அவர் சொல்ல, போடாததுதான் பிழை என்று அவள் சொல்ல, அந்தச் சண்டை இன்றைக்கும் முற்றத்தில் கேட்கிறது. எனக்கு மொழி தெரியாது. ஆனால் அது நல்ல சண்டை என்று சத்தத்திலேயே தெரியும்.

இந்த வருடத் தொடக்கத்தில், லிட்கத்தில் திரும்பவும் ரயில் பாதை வேலை நடந்தது. அவள் மறுபடி என் பஸ்ஸில் வந்து ஏறினாள். மெக்கானிக் தன்னிடம் ஒரு விஷயம் சொன்னார் என்றாள். அவர் கடைசியாக ஊருக்குப் போனபோது, படுக்கையில் இருந்த தகப்பனிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டாராம். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தகப்பன் செத்துப்போனார்.

“இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது” என்றாள்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். தமையனின் பெயரை அவரிடம் சொன்னாளாம். முழுப் பெயரையும், அவன் பாடுவான், ஆடுவான் என்பதையும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

“உனக்கு இப்ப எப்படி இருக்கிறது?” என்றேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஸ்டேஷன் படிகளில் சனம் பெட்டிகளோடும் தள்ளுவண்டிகளோடும் இறங்கி வந்துகொண்டிருந்தது. “காலையில் வேலைக்கு வர லேசாக இருக்கிறது” என்றாள். பிறகு, பசிக்கிறது, இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டாள். பாரை என்றேன். பெட்டியைத் திறந்து பாதியை அவளுக்கு வைத்தேன். முதல் பயணி வந்து கதவைத் தட்டும்வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.